வெறுங்குழாயும் மூத்த ஆய்வாளர் பதவியும்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். 1936ஆம் ஆண்டு, ஜொகூரின் லாயாங் லாயாங் ரப்பர் தோட்டப் பள்ளி மண்டபத்தில், ஆறாம் வகுப்பு மாணவி செல்வராணியாகிய நான் மேடையேறிப் பேசியது இது.

அவைத்தலைவராக அமர்ந்திருக்கும் தோட்ட அலுவலகப் பெரிய கிராணி மூர்த்தி ஐயா அவர்களே! ஜொகூர் பாருவிலிருந்து வந்திருக்கும் பதவி உயர்வுத் தேர்வுக்குழுத் துரை அவர்களே! துரைக்கு என் பேச்சை மொழிபெயர்க்கும் கனகராஜ் ஐயா அவர்களே! ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டிக் களைத்த கைகளில் பிள்ளைகளை ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நம் பள்ளத்து ஓடையருகே கொசு ஆய்வு நிலையம் நடத்துகிறாரே ஜெயபாலன் ஐயா, அவர் மூத்த ஆய்வாளர் ஆவாரா, மாட்டாரா? நாளைக் காலை துரை சொல்லிவிடுவார். அவர் மூத்த ஆய்வாளர் ஆகிவிட்டால், நிலையம் நிலைக்கும். ஆகாவிட்டால், நிலையத்தை மூடி அவரை வேறிடம் அனுப்பிவிடுவார்கள். அரசாங்கத்தின் அளவுகோல் என்ன தெரியுமா? எத்தனை கொசு பிடித்தாய்? எத்தனை கட்டுரை எழுதினாய்? தெப்ராவ் பக்கத்து ஆய்வாளர் பெட்டி பெட்டியாகக் கொசு காட்டினாராம். நம் ஐயா காட்டியதோ வெறுங்குழாய்!

சிரிக்கிறீர்களா, அர்ச்சுனன் மாமா? சிரியுங்கள். அந்தக் குழாய் ஏன் வெறுமையானது என்று சொல்கிறேன். பிறகும் சிரிப்பு வருகிறதா, பார்ப்போம்.

வரிசை வீடுகளான நம் லயத்தின் அந்திப்பொழுதுகளை மறந்துவிட்டீர்களா? விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்கு வீடு அனத்தல் எழுமே! ஒரு வீட்டில் பல் கிட்டும். மறு வீட்டில் உடல் தூக்கிப் போடும். அந்தக் குளிர்காய்ச்சலில் என் தங்கை போனாள். அடுத்துப் பிறந்த தம்பியும் போனான். ஆறாவது வீட்டில் மனோகரன் குடும்பமே போனது. பூட்டிய அந்த வீட்டை ஏறிட்டுப் பார்க்கவும் அஞ்சினோமே!

அப்போதுதான் ஜெயபாலன் ஐயா வந்தார். இங்கே காய்ச்சல் பரப்பும் கொசு, வெயில் விழும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடுகிறது என்று கண்டார். ஓடை நெடுகப் புதர் வளர்த்தார். வெயில் புகாமல் இருட்டாக்கினார். அந்திதோறும் ஆறாவது வீட்டுப் படியில் அமர்ந்து, தன் ஒரு காலைத் துணி விலக்கித் திறந்துவைத்து, கடிக்க வரும் கொசுவைக் கண்ணாடிக் குழாயில் பிடித்தார். முதலில் குழாய் நிறைந்தது. பிறகு குறைந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

அனத்தலும் நின்றது. அந்த அமைதி நம்மை மகிழ்வித்ததா? இல்லை, மிரட்டியது!

"என்னடி இது, லயமே செத்துப்போன மாதிரி கெடக்கு?" என்றார் ராஜம்மா அக்கா.

"செத்தவங்க எல்லாம் அந்தப் பொதருக்குள்ள உட்கார்ந்து நம்மளப் பார்த்துக்கிட்டு இருக்காங்க லா. வெட்டிப்புடணும்," என்றார் அர்ச்சுனன் மாமா. நிலையம் மூடியதும் புதரை வெட்டக் கத்தியும் தீட்டி வைத்திருக்கிறார். இல்லையென்று சொல்லுங்கள், மாமா! சொல்ல மாட்டீர்கள்.

நேற்று அந்தியில் துரை சோதனைக்கு வந்தார். பள்ளியில் பேச்சுப் பயிற்சி முடித்து நேரே வந்த நானும் கூட்டத்தோடு நின்றேன். குழாயைத் தூக்கிப் பார்த்தார். வெறுமை. காற்று இல்லை. இலை அசையவில்லை. ஓடைப்பக்கத்து இருட்டு படியை நோக்கி ஊர்ந்து வருவதுபோல் இருந்தது. அப்போது அந்த ஆறாவது வீட்டுக்குள்ளிருந்து ஒரு குழந்தை அழுதது.

"அலமாக், பொந்தியானா!" என்று அலறித் துரையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தது யார், கனகராஜ் ஐயா? பிள்ளைப்பேற்றில் இறந்தவள் குழந்தைக் குரலில் அழுது வருவாள் என்று மலாய்க் கிராமமான கம்பத்தில் சொல்லும் அந்தப் பேயென்றே நினைத்தீர்கள். இதையும் விடாமல் மொழிபெயர்த்துவிடுங்கள்!

மறுபடி அழுதது. அது எனக்குத் தெரிந்த அழுகை. கதவைத் திறந்து வந்தவர் என் அம்மா பேச்சியம்மாள். இடுப்பில் என் கடைசித் தம்பி வேலு! பகலில் எங்கள் கூரை சரிந்துவிட்டதால், அம்மா பின்வாசல் வழியாக அங்கே குடிபுகுந்திருந்தார்.

"அந்த வீட்டுலயா? பயமா இல்லையாம்மா?" என்றேன்.

"இப்பதான் யாரும் சாகறதில்லையே. புதுசா பேய் எங்கேருந்துடி வரும்?" என்றார் அம்மா.

பெரியோர்களே! ஒரு குழந்தை அழுதால் பேயென்று நடுங்கும் அளவுக்குக் குழந்தைகளை இழந்த லயம் இது! வராத கொசுவை எந்தப் பெட்டியில் குத்திவைப்பார் ஜெயபாலன் ஐயா? எழாத அனத்தலை எந்தக் கட்டுரையில் எழுதுவார்? தோண்டாத சின்னக் குழிகளை யாருக்குக் காட்டுவார்? நோய் பெருகினால் பதவி, நோய் போனால் பணிமாற்றமா? துரை அவர்களே, ஆய்வாளர் பிடித்ததை மட்டும் எண்ணாதீர்கள். வரவிடாமல் தடுத்ததையும் எண்ணுங்கள்! அவர் போனால் புதர் போகும். புதர் போனால் வெயில் வரும். வெயிலோடு என்ன வரும் என்று, தம்பியை மடியில் வைத்திருக்கும் என் அம்மாவைக் கேளுங்கள்.

தலைவர் அவர்களே, ஒரு வேண்டுகோள். விளக்குகளை அணைக்கச் சொல்லுங்கள். எல்லாரும் ஒரு காலைத் திறந்துவைத்துச் சும்மா இருங்கள். இருட்டு அச்சமூட்டும், ஊட்டட்டும். ஒரு காய்ச்சல் கொசு கடித்தாலும் என் பேச்சைத் தள்ளிவிடுங்கள். கடிக்கவில்லையென்றால், அதுதான் ஐயாவின் கட்டுரை. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும்.

கனகராஜ் ஐயா மொழிபெயர்த்து முடித்தார். துரை காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டார். அவரைப் பார்த்து அர்ச்சுனன் மாமாவும் வேட்டியை உயர்த்திக்கொண்டார்.

விளக்குகளை அணைத்தார்கள்.