குறுக்கே கிடந்த ஓலை

உங்கள் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் பாம்பின் பெயர் தவறாக இருக்கிறது, ஐயா. ஹெர்கோன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சுசூப்பே. நான் உயிரியல் படித்தவள். எங்கள் ஆற்றங்கரையிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். தவறான தகவல் ஒன்று கோப்பிலேயே தங்கிவிடுவது எனக்குப் பிடிக்காது. அதனால்தான் யாரும் கூப்பிடாமலே படகேறி உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன்.

பெயரைத் திருத்தினால் இன்னும் சில இடங்களைத் திருத்த வேண்டியிருக்கும். முதலிலிருந்து சொல்கிறேன்.

ரெய்னெர் என் சித்தி மகன். என்னைவிட மூன்று மாதம் மூத்தவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு அப்பாவோடு காட்டுக்குள் கொட்டை பொறுக்கப் போனான். நான் மால்தொனாதோ நகரத்தில் ஐந்து வருடம் அடுத்தவர் வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டு படித்தேன். கடைசியில் இரண்டு பேரும் ஒரே காட்டுச் சுற்றுலா விடுதியில், ஒரே சட்டை போட்டுக்கொண்டு, ஒரே வழிகாட்டி வேலைக்கு வந்து நின்றோம். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

விடுதியை லீமாக்காரி ஒருத்தி நடத்துகிறாள். பெயர் இங்க்ரிட். மே மாதம் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். அடுத்த பருவத்துக்கு ஒரே ஒரு தலைமை வழிகாட்டிதான். இந்த ஐந்து நாள் பயணத்தில் விருந்தாளிகள் என்ன எழுதுகிறார்களோ அதை வைத்து முடிவு செய்வேன், மற்றவருக்குப் படகில் வேலை இருக்கிறது என்றாள். படகில் வேலை என்றால் பெட்டி தூக்குவது.

வந்தவர்கள் ஆறு பேர். அவர்களில் ஹாலந்துக்காரி ஒருத்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அவள்தான் எல்லாவற்றையும் கேட்பாள்.

முதல் நாள் இலைவெட்டி எறும்புகளைப் பற்றி இருபது நிமிடம் விளக்கினேன். எறும்பு இலையைத் தின்பதில்லை, அதில் பூஞ்சை வளர்த்து அதைத்தான் தின்கிறது என்று சொன்னேன். ஹாலந்துக்காரி கொட்டாவி விட்டாள். ரெய்னெர் ஒரு வார்த்தை பேசாமல் பட்டுப்போன மரத்தின் நுனியைக் கையால் காட்டினான். மரக்கட்டை போல உட்கார்ந்திருந்த பறவை கண்ணைத் திறந்தது. ஆறு பேரும் குழந்தைகளைப் போலக் கத்தினார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அன்றன்று பார்த்த உயிரினங்களைப் பலகையில் எழுதி, யார் கண்டுபிடித்தது என்று பக்கத்தில் பெயர் போடுவது விடுதியின் வழக்கம். இரண்டு நாள் முடிவில் அவன் பெயர் அறுபத்தொரு இடத்தில் இருந்தது. என் பெயர் ஒன்பது இடத்தில். அதில் நான்கு எறும்பு.

சமையலறையில் வைத்து அவன் சொன்னான்:

"உன் பட்டத்தைக் கொண்டுபோய் ஒரு கிளையில கட்டி வைடி, நெய்தா. குரங்கு இறங்கி வந்து படிச்சுப் பார்க்கும். அப்பவாவது ஒண்ணு உன் பேர்ல சேரும்."

சமையல்காரி சிரித்துச் சிரித்து வாழைக்காயைக் கருக விட்டுவிட்டாள். நானும் சிரித்தேன். கேலிக்காக ஒருவன் மேல் கோபப்படுகிறவள் இல்லை நான்.

அதன் பிறகு அவன் செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பாத்திரம் கழுவும் இடத்துக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஏய் படிச்சவளே, கோவிச்சுக்கிட்டியா? இங்க பாரு. சதுப்புக்கு அந்தப் பக்கம் வளைஞ்ச மரம் இருக்குல்ல, அந்தப் பொந்துல ராக்குரங்கு நாலு தூங்குது. நான் யார்கிட்டயும் சொல்லல. நாளைக்கு நீயே கண்டுபிடிச்ச மாதிரி கூட்டிட்டுப் போய்க் காட்டு."

அவன் முகத்தில் கேலி இல்லை. உண்மையாகவே எனக்கு நான்கு குரங்கைத் தானமாகக் கொடுத்தான். ஐந்து வருடப் படிப்பு, ஆய்வேடு, முத்திரை போட்ட பட்டம். அதற்கு அவன் பொந்திலிருந்து நான்கு குரங்கை எடுத்துக் கொடுத்தான். நன்றி என்று சொன்னேன். காலையில் என்ன செய்ய வேண்டும் என்பது அப்போதே எனக்குத் தெளிவாகிவிட்டது.

எங்கள் காட்டு வழக்கம் ஒன்றை உங்கள் அறிக்கை சரியாக விளக்கவில்லை. நடைபாதை ஓரம் பாம்பு சுருண்டு கிடப்பதைப் பார்த்தவர், ஒரு பச்சை ஓலையை வெட்டிப் பாதைக்குக் குறுக்கே போட வேண்டும். பின்னால் வருகிறவர் சுற்றிப் போவார். போட்டவர்தான் அதை எடுக்க வேண்டும். வேறு யாரும் தொடமாட்டார்கள். பாம்பு போய்விட்டதை நேரில் பார்த்த பிறகுதான் எடுப்பார். எனவே ஓலை இல்லை என்றால் பாம்பு இல்லை. எங்கள் பக்கத்துக் குழந்தைக்கும் இது தெரியும். சுசூப்பே ஒரே இடத்தில் இரண்டு மூன்று வாரம்கூட அசையாமல் கிடக்கும். அதனால் ஓலை வாடினால் போட்டவரே புது ஓலை போடுவார்.

விருந்தாளிகள் வருவதற்கு முந்தைய நாள் கழுகுக்கூட்டுப் பாதை ஓரம், ஒரு மரத்தின் வேருக்கு அடியில் ஒரு சுசூப்பேயைப் பார்த்தேன். என் தொடை கனம் இருக்கும். முறைப்படி ஓலை போட்டேன். ரெய்னெரிடம் மட்டும் சொன்னேன். அவன்தானே அந்தப் பாதையில் போகிறவன்.

மூன்றாம் நாள் விடியற்காலை நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். பாம்பு அதே வேருக்கு அடியில், அதே சுருளாகக் கிடந்தது. குறிப்பேட்டில் தேதியும் நேரமும் எழுதினேன். பிறகு ஓலையை எடுத்துப் புதருக்குள் போட்டேன். நான் போட்ட ஓலை, நான் எடுத்தேன். வழக்கத்தை மீறவில்லை. பன்றிக் கூட்டம் ஓலையை இழுத்துப் போயிருக்கலாம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாதையில் அந்த வாரம் பன்றித் தடமே இல்லை. அதையும் அடித்துவிடுங்கள்.

ஏழு மணிக்கு அந்தப் பாதையில் கிளம்பினோம். ரெய்னெர் எப்போதும் இருபது அடி முன்னால் போவான், ரப்பர் காலணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. அவன் சீழ்க்கை அடித்த பிறகுதான் விருந்தாளிகள் நகர வேண்டும். அதனால் அவர்களுக்கு ஆபத்து எதுவும் இல்லை. அதை முன்பே யோசித்திருந்தேன்.

அந்த வேருக்கு நாலைந்து அடி முன்னால் அவன் நின்றான். கீழே பார்த்தான். திரும்பி என்னைப் பார்த்தான்.

"ஓலையை எடுத்துட்டியா நெய்தா?"

"எடுத்தாச்சு."

அவன் தலையாட்டிவிட்டு நடந்தான். நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். போய்விட்டதா என்று அவன் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அப்படி இரண்டாவது கேள்வி கேட்கும் பழக்கம் இல்லை.

அவன் கத்தவில்லை. உட்கார்ந்தான், அவ்வளவுதான். வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு துளை. நான் புத்தகத்தில் உள்ளபடியே எல்லாம் செய்தேன்: இறுக்கிக் கட்டவில்லை, கீறவில்லை, காலை அசையாமல் வைத்தேன், விருந்தாளிகளில் இரண்டு பேரைக் கொண்டு படகுக்குத் தூக்கிப்போகச் செய்தேன். விருந்தாளிகள் சமையல்காரியோடு இருந்துகொண்டார்கள்.

சுகாதார நிலையத்துக்கு ஆற்றில் மூன்று மணி நேரம். படகோட்டி செவேரோ பின்னால் இன்ஜினைப் பிடித்திருந்தான். முன்னால் நாங்கள் பேசுவது அவனுக்குக் கேட்காது. ரெய்னெர் என் மடியில் தலை வைத்திருந்தான்.

"போனது திரும்பி வந்திருக்கு பாரேன், திருட்டு நாய். நீ பாவம், சரியாத்தான் எடுத்திருக்கே. உன்மேல தப்பில்ல. யாராவது கேட்டா நானே சொல்றேன்."

"பேசாம படு."

"திரும்பிப் போன உடனே அங்க ஓலை போட்டுடு. அந்த ஹாலந்துக்காரி வானத்தைப் பார்த்துக்கிட்டே நடக்குறா. எங்கயாவது காலை வச்சுத் தொலைப்பா."

"போடுறேன்."

"யஸேனியாகிட்ட சொல்லிடாத. வயித்துல இருக்குறப்ப பயப்படக் கூடாது."

யஸேனியா அவன் மனைவி. நான் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டபடியே செய்தேன்.

கரையேறும்போது அவனுக்கு நினைவு தப்பிவிட்டது. நர்ஸ் மருந்துப் பெட்டியைத் திறந்தார். ஹெர்கோனுக்கு ஒரு மருந்து, சுசூப்பேக்கு வேறு மருந்து; இரண்டும் இருந்தன, சீட்டு ஒட்டியிருந்ததை வாசித்தேன். என்ன பாம்பு என்று அவர் செவேரோவைப் பார்த்துக் கேட்டார்.

"ஹெர்கோனாத்தான் இருக்கும். இந்தப் பக்கம் கடிக்கிறது எல்லாம் அதுதானே" என்றான் செவேரோ. கடித்தபோது அவன் படகுத்துறையில் இருந்தான். பாம்பைப் பார்க்கவே இல்லை.

நான் அவன் பக்கத்தில், ஈரச் சட்டையோடு, ரெய்னெரின் காலணிகளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஆண் ஒருவன் நிற்கும்போது பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. இது நான் கொண்டுவந்த ஏற்பாடு இல்லை. கல்லூரியிலும் அப்படித்தான், விடுதியிலும் அப்படித்தான். என்னைக் கேட்டிருந்தால் சரியான பெயரைச் சொல்லியிருப்பேன், லத்தீன் பெயரோடு. மூன்றாம் பக்கத்துப் பிழை இங்கேதான் தொடங்குகிறது.

விருந்தாளிகளைத் தனியே விடக்கூடாது என்பது விதி. அன்று மாலையே நானும் செவேரோவும் திரும்பினோம். மறுநாள் விடிந்ததும் வானொலிக் கருவியில் செய்தி வந்தது. நான்தான் எடுத்தேன். காலைச் சாப்பாட்டின்போது ஹாலந்துக்காரி அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். இப்போது அவனுக்கு வலி இல்லை என்றேன். எல்லோரும் நிம்மதியாகக் காபி குடித்தார்கள்.

பிறகு அவர்களைக் கழுகுக்கூட்டுப் பாதைக்கு அழைத்துப்போனேன். முன்னால் போய்ப் பார்த்தேன். பாம்பு அங்கேயே இருந்தது. ரெய்னெரிடம் ஒப்புக்கொண்டபடி பச்சை ஓலை வெட்டிக் குறுக்கே போட்டேன். அவர்களை வரிசையாக நிறுத்தி, அதன் செதில்கள், வால் நுனி, முட்டையிட்டு அதைக் காத்துக்கொண்டு கிடக்கும் பழக்கம் எல்லாவற்றையும் விளக்கினேன். ஒருவரும் கொட்டாவி விடவில்லை.

"இதுதானா அது?" என்று ஹாலந்துக்காரி மெதுவாகக் கேட்டாள்.

"இதே இனம்" என்றேன்.

ஒரு பருவத்தில் இரண்டு முறை பார்த்தாலே அதிர்ஷ்டம் என்று சொல்லக்கூடிய பாம்பு. அன்று பலகையில் அதற்கு எதிரே என் பெயரை எழுதினார்கள். இங்க்ரிட்டின் கடிதம் அடுத்த வாரம் வந்தது. பருவம் தொடங்கியதிலிருந்து நான்தான் தலைமை வழிகாட்டி.

இதை ஏன் இப்போது சொல்கிறாள் என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. அறிக்கையின் கடைசிப் பத்தியில், போதிய கண்காணிப்பு இல்லாத பயணம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் என்னால் ஏற்க முடியாது, ஐயா. ஆறு பேரையும் எண்ணி, ஓலைக்கு இந்தப் பக்கமே நிறுத்தியிருந்தேன். ஐந்து நாளும் ஒரு தலை குறையாமல் பார்த்துக்கொண்டேன். அந்தப் பயணத்தில் என் பொறுப்பில் இருந்த ஒருவர் மேலும் ஒரு கீறல்கூட விழவில்லை.