பிளீச்சிங் பவுடர் போட்ட கடற்கரை

"கரையைத் தூத்துவாரி ஆதாரத்தைக் குப்பையில போட்டுட்டோம் மக்கா." குளச்சல் பேருந்தில் முன்னிருக்கை அரசு ஊழியர் சொன்னதும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

அவர் பக்கத்தில் அவருடைய மீனவ நண்பர். "போர்ல எரிஞ்ச கப்பலோட எண்ணெய் கரையில ஒதுங்குனா எப்படிப் பதிவு செய்யணும்னு உங்களுக்கு டிரெயினிங் தந்தாவளே?"

"தந்தாவ. ஆனா ஆய்வுக் குழு வருதுன்னதும் ஆபீசர் பழக்க தோசத்துல பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லிட்டாரு. வந்தவங்க கரை சுத்தமா இருக்குன்னு எழுதிட்டுப் போயிட்டாவ."

"அப்போ என் வலை நாசமானதுக்கு யாரு சாட்சி?"

"வலை எங்க?"

"எண்ணெயோட வீட்டுல கெடக்கு."

"அதான் சாட்சி. நாளைக்குக் கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டு போ. பெரிய எடத்துக்குப் போவுதுன்னு வீட்டுல கழுவிரப் போறாவ."

மீனவர் அவசரமாக மனைவிக்கு ஃபோன் போட்டார்.

"ஏட்டி, அந்த வலையத் தொடாத. நாளைக்கு அது அழுக்கோடதான் ஆபீசுக்கு வரணும்."