பிரேக்கில் பழுது இல்லை

என் பெயரும் விலாசமும் இந்தத் தாளின் தலைப்பில் தனியே எழுதிக்கொள்ளப்பட்டன. வயது நாற்பத்தொன்று. நகரப் பேருந்தில் நடத்துநராக வேலை பார்க்கிறேன். மனைவியும் ஒரு மகளும் உண்டு. பேருந்து மோதிப் பெயின்டர் ஒருவர் இறந்துபோன வழக்கில் நான் முன்பு கொடுத்த வாக்குமூலம் பொய் என்று இன்று காலை நானாகவே வந்து சொன்னதன் பேரில், ஆய்வாளர் முன்னிலையில் நான் சொல்லச் சொல்ல இது எழுதப்படுகிறது.

எங்கள் பணிமனைக்கு எதிரே, டயர் கடையின் மாடியில் கோலால் பந்தை அடித்துக் குழியில் தள்ளி ஆடும் பில்லியர்ட்ஸ் கிளப் ஒன்று இருக்கிறது. நான்கு மேசைகள். ஜன்னலோர மேசை சற்று இடதுபுறம் சாயும், அதன் காலடியில் அட்டை மடித்து வைத்திருப்பார்கள். நடத்துபவரை எல்லோரும் அக்கா என்போம். காலை ஷிப்ட் முடிந்தவர்களும் மதிய ஷிப்ட்டுக்குக் காத்திருப்பவர்களும் அங்கேதான் இருப்போம். வீட்டுக்குப் போகாமல் அங்கே போகிறேன் என்று என் மனைவி சண்டை போட்டிருக்கிறாள். அங்கே போனால் யாரும் என்னிடம் சில்லறை கேட்க மாட்டார்கள் என்று அவளிடம் சொல்வேன்.

அந்தக் கிளப்பில் நானும் என் பேருந்தின் ஓட்டுநரும் ஜோடியாக ஆடுவது வழக்கம். அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். எங்களோடு பெரும்பாலும் ஆடுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் பணிமனை மெக்கானிக். அவர் இப்போது உங்கள் காவலில் இருக்கிறார். இன்னொருவர் கூரியர் ஆபீசில் வேலை செய்கிறவர், அவரை அமைச்சர் என்று கூப்பிடுவோம். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் இதோ போட்டுக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுப்பார், பந்து விழாது, அதனால் அந்தப் பெயர்.

போன மழைக்காலத்தில் அண்ணன் எதிராளியின் பந்தை அடிக்கடி குழியில் தள்ள ஆரம்பித்தார். முதலில் கேலி செய்தோம். அதன் பிறகு ஒருநாள் கை கழுவும் இடத்தில் அவர் என்னிடம், “நேரா பாத்தா பந்து காணாமப் போகுதுடா. கொஞ்சம் தள்ளிப் பாத்தா இருக்கு. நடுவுல மட்டும் யாரோ எச்சி தொட்டு அழிச்ச மாதிரி இருக்கு” என்றார். டாக்டரிடம் போகலாம் என்றேன். போனால் அன்றைக்கே வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள் என்றார். நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

அதன் பிறகு அவர் அடிக்கும் முறை வரும்போது நான் மேசையைச் சுற்றிப் போய், பந்து விழவேண்டிய குழியின் விளிம்பில் விரலால் தட்டுவேன். அவர் சத்தத்தை வைத்து அடிப்பார். சில வாரங்களில் அது நன்றாகப் பழகிவிட்டது. கிளப்பில் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அமைச்சர் தேர்தல் மேடையில் பேசுவதுபோல், “மஞ்சள் மூலையில, செவப்பு ஓரத்துல, கறுப்பு நடுக் குழிக்குப் பக்கத்துல, பொதுமக்கள் கவனிக்கவும்!” என்று சத்தம் போட்டுச் சொல்லுவார். புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். அண்ணனுக்காகத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். அக்கா விளக்குகளை இன்னும் தாழ்வாக இறக்கிக் கட்டினார். மெக்கானிக் தன்னுடைய முறையில் வேண்டுமென்றே தவறவிட்டு அண்ணனுக்கு வழி திறந்துவிடுவதை நானே பல தடவை பார்த்திருக்கிறேன். நாங்கள் நல்லது செய்வதாகவே நினைத்தோம்.

பேருந்தில் எப்படி என்று கேட்கப்பட்டதற்குச் சொல்வது: பேருந்திலும் அதையேதான் செய்தேன். டிக்கெட் கொடுத்து முடித்ததும் முன்னால் வந்து அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வேன். பயணிகளுக்குத் தெரியாமல் இருக்கக் கிளப் பேச்சிலேயே பேசினோம். எதிரே வண்டி வந்தால் “வெள்ளை” என்பேன். ஆள் குறுக்கே வந்தால், சிக்னல் விழுந்தால், நிறுத்தவேண்டிய எதுவாக இருந்தாலும் “கறுப்பு” என்பேன். கிளப்பில் கறுப்புப் பந்தைக் கடைசியாகத்தான் போடவேண்டும், முன்னால் போட்டால் அந்த ஆட்டமே போச்சு. அதனால் அந்தச் சொல்லை வைத்தோம். அவருக்குப் பாதை மனப்பாடம். ஓரங்கள் நன்றாகத் தெரியும். நடுவுக்கு நான் இருந்தேன். அவ்வளவு பெரிய வண்டி என் வாய்ச்சொல்லுக்கு நின்று போவது எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அதுவும் ஒரு காரணம் என்பதால் சொல்கிறேன்.

சம்பவம் நடந்த சனிக்கிழமை மதியம் கிளப்பில் ஜோடி ஆட்டத்தின் இறுதிப் போட்டி நடந்தது. நானும் அண்ணனும் ஒரு பக்கம், மெக்கானிக்கும் அமைச்சரும் ஒரு பக்கம். வெளியாட்கள் நிறைய வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் நான் தட்டுவதைப் பார்த்து ஆட்சேபம் சொன்னார். அக்கா தர்மசங்கடமாக என்னைப் பார்த்து, “இன்னிக்கு மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுப்பா” என்றார். நான் சுவரோரம் போய் நின்றேன். எங்களுடைய ஒரு ஊதாப் பந்தும் கறுப்புப் பந்தும் மீதி இருந்தன. ஊதா மூலைக் குழிக்குப் பக்கத்தில், கறுப்பு நடுக் குழிக்குப் பக்கத்தில். அண்ணன் குனிந்து நெடுநேரம் பார்த்தார். தலையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அதன் பிறகு அடித்தார். கறுப்பு விழுந்தது.

கூட்டம் சிரித்தது. மெக்கானிக் சிரிக்கவில்லை. அவர் வந்து, “விடுங்கண்ணே, விளையாட்டுதான” என்று அண்ணன் கையைப் பிடித்தார். எனக்கு ஆத்திரம். அந்த மாதம் முழுவதும் அந்தக் கோப்பையை என் மகளிடம் கொண்டுபோய்க் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லோர் முன்னிலையிலும் நான், “கண்ணு தெரியாதவரு எதுக்கு ஆட வர்றீங்க? வீட்டுல உக்கார வேண்டியதுதான?” என்றேன்.

அதுவரை யாரும் சொல்லாததை நான் சொல்லிவிட்டேன். அண்ணன் தன் கோலைச் சுவரில் இருந்த தாங்கியில் வைக்கப் போனார். ஓட்டை தட்டுப்படாமல் இரண்டு தடவை தடவி அதன் பிறகு வைத்தார். என்னைத் தாண்டிப் போகும்போது, “இனிமே எனக்காக நீ வாயத் தொறக்க வேணாம். டிக்கெட் குடு, அது போதும்” என்றார். நான் சரி என்றேன்.

அதன் பிறகு மதிய ஷிப்ட்டுக்கு வண்டி எடுத்தோம். மெக்கானிக் போட்டிக்கு வருவதற்கு முன்பே காலையில் அந்த வண்டியின் பிரேக்கைப் பார்த்து முடித்திருந்தார். நான் முன்னால் போகவில்லை. பின்படியில் நின்றுகொண்டேன். அண்ணன் ஒரு லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, அது நின்றால் நின்றும் போனால் போயும் ஓட்டினார். இப்படியே சமாளித்துவிடுவார் போலிருக்கிறதே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆஸ்பத்திரி நிறுத்தம் தாண்டியதும் லாரி இடதுபுறம் திரும்பிவிட்டது.

நான் படியில் இருந்து வெளியே எட்டிப் பார்த்தேன். முன்னால் ஒரு மருந்துக் கடை. அதன் போர்டுக்குப் பெயின்ட் அடிக்க ஒருவர் ஏணி போட்டு ஏறியிருந்தார். ஏணியின் கால் ரோட்டுக்குள் சற்று வந்திருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. கத்தினால் கேட்கும் தூரம்தான். வண்டியில் கூட்டமும் இல்லை. “கறுப்பு” என்ற சொல் வாயில் வந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்துக் கேட்கட்டும், கேட்டால் சொல்கிறேன் என்று நினைத்தேன். கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தாலும் போதும் என்று நினைத்தேன். அவர் பார்க்கவில்லை. ஒருவேளை பார்த்திருக்கலாம், நடுவில் இருந்த என்னைத் தெரிந்திருக்காது.

வண்டி ஏணியில் மோதியது. பச்சைப் பெயின்ட் முன் கண்ணாடி முழுக்கக் கொட்டியது. அண்ணன் வைப்பரைப் போட்டார். அது பெயின்டைக் கண்ணாடி நெடுக இழுத்தது. அதன் பிறகுதான் பிரேக்கை மிதித்தார். பிரேக் பிடித்தது. பின்படியில் இருந்த நான் கம்பியில் மோதினேன், நெற்றியில் இருக்கும் காயம் அதனால் ஆனது. வண்டி சறுக்கிப் போய் விளக்குத் தூணில் முட்டி நின்றது. தூணில் முட்டியபோதுதான் முன்பக்கக் காற்றுக் குழாய் அறுந்தது. அதற்கு முன்னால் அறுந்ததல்ல.

நான் இறங்கி ஓடினேன். பெயின்டர் நடைபாதையில் கிடந்தார். ரத்தம் அதிகம் இல்லை. என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, “ஓரமாத்தான சார் நின்னேன்” என்றார். ஆமாம் என்றேன். மறுநாள் காலை இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் அவர் மனைவி என்னைப் பிடித்து, கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாவிடமும் நான் பொய்தான் சொல்லியிருக்கிறேன்.

சம்பவ இடத்துக்கு நீங்கள் வந்து விசாரித்தபோது, பிரேக் பிடிக்கவில்லை என்று அண்ணன் சொன்னார். என்னைக் கேட்டபோது ஆமாம் என்றேன். அன்று சாயங்காலம் கிளப்பில் எல்லோரும் கூடினோம். அண்ணனுக்குக் கண்ணில் பழுதில்லை, இறுதிப் போட்டி வரைக்கும் ஆடினவர் என்று யார் கேட்டாலும் சொல்வது என்று பேசிக்கொண்டோம். மெக்கானிக்கும் அங்கே இருந்தார், அவரும் தலையாட்டினார். வண்டியின் பேரில் பழி வந்தால் அது அவர் தலையில் விழும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அல்லது தோன்றியதை யாரும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக்கைக் கைது செய்தீர்கள். அதன் பிறகு அவர் மனைவி கிளப்புக்கு வந்தார். உள்ளே வரவில்லை, கதவருகே நின்றார். “பிரேக் பிடிக்கலன்னு சொன்னது யாரு?” என்று கேட்டார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு மேசையைப் பார்த்தார்கள். அமைச்சர் தன் கோல் நுனிக்குச் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண், “அவர் உங்கள எல்லாம் அண்ணன், அக்கான்னுதான் வீட்டுல பேசுவாரு” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அண்ணனின் கண் விஷயம் மெக்கானிக்குக்குத் தெரியும். அதைச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கலாம். இன்றுவரை அவர் அதை உங்களிடம் சொல்லவில்லை என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பெண் போனதும், நான் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். அமைச்சர், “வயசான மனுசன ஜெயில்ல தள்ளப் போறியா?” என்று கேட்டார். அக்கா மட்டும், “ஒருத்தரு உள்ள இருக்காரு. அவரும் நம்ம ஆளுதான்” என்றார்.

அதன் பிறகு விபத்துக்காகக் கைதாகி ஜாமீனில் வந்திருந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், படத்தை வைக்காமல் சத்தத்தை மட்டும் வைத்தவர்போல் முகம் வேறு பக்கம் இருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “நானே போய்ச் சொல்லணும்னுதான் இருந்தேன். அந்த மெக்கானிக் பையன் வீட்டு வழியா போக முடியல” என்றார். பிறகு, “என் கண்ணப் பத்தி சொல்லிக்கோ. நீ பின்னாடி நின்னதச் சொல்லாத. அது யாருக்கும் தெரியாது. உனக்குப் பொண்ணு இருக்கு” என்றார்.

நான் ஏணியைப் பார்த்தேன் என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் டி.வி.யை அணைத்தார். எழுந்து போய் நல்ல சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, “எத்தன மணிக்குத் தொறப்பாங்க?” என்று கேட்டார். ஸ்டேஷன் எப்போதும் திறந்துதான் இருக்கும் என்றேன். காலையில் போகலாம், என் மனைவியிடமும் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். அன்றிரவு அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு மகள் இருந்த அறையின் கதவைச் சாத்தினாள்.

இந்தக் காரியத்தில் மெக்கானிக்கின் குற்றம் எதுவும் இல்லை. பிரேக் நல்ல நிலையில் இருந்தது. ஓட்டுநருக்குக் கண் தெரியாது என்பது தெரிந்தே நான் அவரை ஓட்ட வைத்தேன், வேண்டிய நேரத்தில் வேண்டுமென்றே சும்மா இருந்தேன். இதற்கு என்ன தண்டனை உண்டோ அதை ஏற்கிறேன்.

வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்கப்பட்டதற்குச் சொல்வது: அண்ணன் என்னோடு வந்திருக்கிறார், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவரும் சொல்ல வேண்டியதைச் சொல்வார். அவரை உள்ளே அழைத்து வரும்போது இந்த அறை வாசலில் நிலைப்படி இருக்கிறது, கொஞ்சம் உயரம். என்னை எழுந்து போகவிட மாட்டீர்கள் என்றால், கூட வருகிறவர் அதை அவருக்குச் சொல்ல வேண்டும். கையைப் பிடிக்க வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. படி என்று சொன்னால் போதும்.

மேலே எழுதியிருப்பதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. இதுவே உண்மை என ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
நடத்துநர்

என் முன்பாக
(ஒப்பம்)
ஆய்வாளர்