வண்டு வயித்துல வேலை நிறுத்தம்

காலுக் கட்ட அப்பறம் அவுக்கலாம் டாக்டரம்மா. காலு எங்க ஓடப்போவுது? நான் நகந்தாத்தான் அது நகரும். மொதல்ல நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுறேன். மாத்திர ஒழுங்கா சாப்புட்டீங்களா மாயாண்டின்னு கேட்டீங்க. இந்த மாதிரிக் கேள்விக்கு ஆமா இல்லன்னு ஒத்த வார்த்தையில பதில் சொல்றது தொரமாருகிட்ட கைகட்டி நிக்கிறவன் பழக்கம். நான் சங்கத்துக்காரன். எனக்குக் கொஞ்சம் முன்னுரை வேணும்.

இந்த டப்பாவா? பிஸ்கட் டப்பாதான். மூடியத் தொறக்காதீங்க. தொறந்துட்டீங்களே. பயப்படாதீங்கம்மா, கடிக்காது. மரவண்டுப் புழு. மேமலையில தேயிலைக்கு நெழலா நின்ன சவுக்கு மரம் ஒன்னு விழுந்து உளுத்துக் கெடக்குதில்ல, அதுக்குள்ள இருந்தது. மாத்திரயப் பத்தி பேசணும்னா இவங்களும் கூட இருக்கணும், அதான் கொண்டாந்தேன். வீட்டுக்காரி ராசம்மாவுக்குத் தெரியாது, அவ வெளிய வரிசையில குந்தியிருக்கா. சோத்துப் பொட்டலம்னு சொல்லி வச்சிருக்கேன்.

தலவாக்கலைப் பக்கத்துல இருந்து ரூபிகான்னு ஒரு பொண்ணு வந்துச்சு, பூச்சி ஆராய்ச்சி. நம்மள மாதிரி லயத்து வீட்டுல பொறந்த தோட்டத்துப் புள்ளதான், கேம்பஸ் போயி படிச்சது. அந்த மரத்த ஒடச்சுப் புழு பொறுக்கிக்கிட்டு இருந்துச்சு. யாரக் கேட்டு எடுக்குறன்னு சண்டைக்குத்தான் போனேன். அது ஒரு புழுவ உள்ளங்கையில வச்சுக்கிட்டு, ஐயா, இந்தப் புழுவால மரத்த செமிக்க முடியாது தெரியுமான்னு கேட்டுச்சு. நான் அப்புடியே மரத்து மேல உக்காந்துட்டேன்.

மென்னு முழுங்குறதோட அதோட வேல முடிஞ்சிருதாம். அதுக்குப் பின்கொடல் இருக்கு பாருங்க, நம்ம பேக்டரி மாதிரி பெருசா, இருட்டா, காத்தே இல்லாம. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிருங்க கோடிக்கணக்குல, ராப்பகலா மரத்தக் கரைச்சு சத்தா மாத்துதுங்க. சத்து யாருக்கு? வண்டுக்கு. பேரு யாருக்கு? அதுவும் வண்டுக்கு. ஒழைச்சவன் எவனையாவது ஒருத்தன் கண்ணால பாத்திருக்கானா? நான் நாப்பது வருசமா காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக் களத்துல நின்னு கத்துனத ஒரு புழு வயித்துல எழுதி வச்சிருக்கு டாக்டரம்மா.

அந்தப் புள்ள ஒரு துண்டுப் பிரசுரமும் குடுத்துச்சு. நான் பள்ளிக்கூடத்துல படிச்சது கொஞ்சம், பிரசுரத்துல படிச்சதுதான் மிச்சமெல்லாம். அதுல என்னா போட்டிருக்கு தெரியுமா? இணைவாழ்வாம். வண்டு எடம் குடுக்குதாம், நுண்ணுயிர் ஒழைக்குதாம், ரெண்டு பேருக்கும் நன்மையாம். குடியிருக்கக் காம்பராவும் குடுத்து வேலையும் குடுத்திருக்கோம், ரெண்டு பேருக்கும் நன்மதானேன்னு சம்பளப் பேச்சுல தொர சொன்னாரே, அதே வார்த்த. செவப்புப் பேனாவ எடுத்து இணைவாழ்வ அடிச்சு, சுரண்டல்னு திருத்தி, அந்தப் புள்ளைக்கே திருப்பி அனுப்பிட்டேன்.

காலு இருக்கட்டும்மா. அதுக்குத்தான் வர்றேன். காலக் கடிச்சதே அட்டதானே? அந்த அட்டயும் குடிச்ச ரத்தத்தத் தானா செமிக்காதாம். அதுக்கும் வயித்துக்குள்ள ஆள் வச்சிருக்காம். ஒறிஞ்சுறது ஒருத்தன், வேல செய்றது இன்னொருத்தன். அன்னைக்கு ராவெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல. புண்ணுனால இல்ல, கோவத்துனால.

வலியப் பத்தி கேக்குறீங்க. வலி நல்லது டாக்டரம்மா. வலிக்கிற வரைக்கும் ஒடம்புல உசுரு இருக்குன்னு அர்த்தம். வலி நின்ன எடத்துல போராட்டம் செத்துப்போச்சுன்னு நானே ஒரு பிரசுரத்துல எழுதியிருக்கேன். இந்தத் தோட்டத்தப் பாருங்க. கூர ஒழுகுது, ஒருத்தனுக்கும் வலிக்கல. நான் பேச எந்திரிச்சா, பெரியப்பா ஆரம்பிச்சிட்டாருன்னு போனப் பாக்குறானுங்க. சங்கத்துல சந்தா கட்டுற ஆளு இப்ப நான் ஒருத்தன்தான். தலைவரும் நான்தான், செயலாளரும் நான்தான். போன கூட்டத்துல எனக்குள்ளயே ரெண்டு அபிப்பிராயம் வந்து தீர்மானம் நெறவேறல.

அதுனாலதான் யோசிச்சேன். பேசுனாக் கேக்க மாட்டானுங்க, கண்ணுக்கு முன்னால காட்டுவோம். வண்டு வயித்துல வேல நிறுத்தம் நடந்தா என்னாகும்? ரெண்டு டப்பா, ஒவ்வொன்னுலயும் ரெண்டு மூணு புழு. ஒன்னுல வெறும் மரத்தூளு. இன்னொன்னுல மரத்தூளோட கொஞ்சம் மருந்து. நுண்ணுயிர நிறுத்துற மருந்து. எங்க கெடச்சுதா? கெடச்சுது. வர்றேன், வர்றேன்.

மருந்து டப்பாப் புழு தின்னுச்சு, தின்னுச்சு, தின்னுக்கிட்டே இருந்துச்சு. வயிறு உப்புது, ஒடம்பு சுருங்குது. தின்ன மரம் அப்புடியே உள்ள கெடக்கு, செமிக்க ஆளில்ல. வயிறு முட்டப் பட்டினி. இதவிட ஒரு சாட்சி எந்த மேடைக்கு வேணும்? ஞாயித்துக்கெழம பெரட்டுக் களத்துல கூட்டம்னு அறிவிச்சேன். தலைப்பு, வண்டின் வயிறும் வர்க்கப் போராட்டமும். நானே கையால எழுதி டிஸ்பென்சரி சொவத்துலயும் ஒட்டுனேன், நீங்க பாத்திருப்பீங்க. ஆமா, அத கிழிச்சது நீங்கதான்னு சொன்னாங்க, பரவால்ல.

வந்தாங்கம்மா, கொஞ்சப் பேரு வந்தாங்க. ரெண்டு டப்பாவயும் மேசையில வச்சு ஒரு மணித்தியாலம் பேசுனேன். எந்திரிச்சுப் போகாம கேட்டாங்க. முடிஞ்சதும் பக்கத்து லயத்து நாகலெட்சுமி முன்னால வந்து, பெரியப்பா, இது சீனி வருத்தத்துக்கா மூலத்துக்கா, புழு என்னா வெலன்னு கேட்டா. பின்னால வரிசை நிக்குது. மருந்து வாங்கிட்டுப் போகப் போத்தல் கொண்டாந்திருக்காங்க.

சிரிங்க. சிரிச்சா எனக்கொன்னுமில்ல. நான் ரூபிகாவுக்குப் போன் போட்டு, வேல நிறுத்தம் வெற்றின்னு சொன்னேன். அந்தப் புள்ள சொல்லுது, ஐயா, அது வேல நிறுத்தம் இல்ல, நீங்க தொழிலாளிங்களயெல்லாம் கொன்னுட்டீங்கன்னு. போன வச்சிட்டு டப்பாவத் தொறந்து பாத்தேன். மொதலாளி செத்துக்கெடக்கான் சரி. உள்ள இருந்தவனுங்க அவனுக்கு முன்னாலயே செத்திருக்கானுங்க. அந்தக் காலத்துல இந்தத் தோட்டத்துல நான் நடத்துன பெரிய வேல நிறுத்தமும் அப்புடித்தான் முடிஞ்சுது. சங்கத்துப் பெரிய தலைவருங்க கொழும்புல தொரமாரோட கையெழுத்துப் போட்டாங்க, இங்க லயத்துல அடுப்பு எரியல. அத ஒரு பிரசுரத்துலயும் நான் எழுதல.

மருந்து டப்பாவுல உசுரோட மிஞ்சுன ஒத்தப் புழுவுக்கு, நல்ல டப்பாப் புழுவோட பீயக் கலந்து வச்சேன். மூஞ்சியச் சுளிக்காதீங்க, அதுலதான் தொழிலாளி இருக்கான். வேல நீக்கம் செஞ்சவங்களத் திரும்பச் சேத்துக்கிட்டேன்னு வைங்க. தேறிருச்சு. இப்ப நீங்க பாத்தது அந்தப் புழுதான். என் வாழ்க்கையில ஜெயிச்ச ஒரே கோரிக்க அதுதான்.

இல்லம்மா, அந்த மருந்த நான் பேமசில வாங்கல. பென்சன்காரன் எங்க வாங்குறது? நீங்க குடுத்ததுதான். ஒரு பக்கம் செவப்பு, ஒரு பக்கம் மஞ்சள். ராசம்மா காலையில கையில வைப்பா, நான் வாயில போட்டுத் தண்ணி குடிப்பேன், அவ அந்தப்பக்கம் திரும்புனதும் எடுத்து ஒடச்சுத் தூள மரத்துல தூவுவேன். மொதப் பொட்டலம் முழுசும் அப்புடித்தான் போச்சு. ரெண்டாவது பொட்டலமும்தான். ஒரு தடவ நடந்தா அது தற்செயல், திரும்ப நடந்தாத்தான் விஞ்ஞானம்னு அந்தப் பிரசுரத்துலயே போட்டிருக்கு.

கத்தாதீங்கம்மா, ராசம்மாவுக்குக் கேட்டுரும். காலு நல்லாயிருச்சுன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். பொய்யில்ல, நல்லாத்தான் இருக்கு. மொதல்ல விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது, இப்பக் கொஞ்ச நாளா ஒன்னுமே இல்ல. சரி, கட்ட அவுத்துப் பாத்துக்கங்க. வெரலு கொஞ்சம் கறுத்துத் தெரியும், அது மலைக் குளுருக்கு. என்னாத்துக்கு அந்த ஊசிய எடுக்குறீங்க? குத்திப் பாக்கவா? நல்லாக் குத்துங்க, நான் பொலிஸ் அடியே வாங்குனவன், அசைய மாட்டேன்.

ம், குத்துங்கம்மா.

குத்திட்டீங்களா? எப்ப?