கலைவாணனின் பேக்கேஜ் பரிசீலனையில் இருக்கிறது

உங்க ஸ்டேஷன் டீ நல்லா இருக்குங்க சார். சக்கரைதான் ஒரு சிட்டிகை தூக்கல். குறை சொல்றேன்னு நெனைக்காதீங்க, கண்ணுல பட்டா சொல்லிடுவேன், அது என் சுபாவம்.

நான் பூவிழி. பெரம்பலூர்ல வூட்டுல இருந்தே இந்த வேலையைப் பாக்குறேன், சம்பளம் கிடையாது. யாரு வேணாலும் கம்ப்யூட்டர்ல இலவசமா போட்டுக்குற லினக்ஸ் ஒண்ணு இருக்கு. அதுல புதுசா எந்த பேக்கேஜ், அதான் புரோகிராம், சேரணும்னாலும் ஒருத்தர் வரி வரியாப் படிச்சுச் சரின்னு சொல்லணும். அந்த ஒருத்தர் நான்.

ஜெயங்கொண்டம் கலைவாணன் ஒரு பேக்கேஜ் அனுப்பினாரு. இங்கிலீஷ் தேதியைக் குடுத்தா தமிழ்த் தேதி சொல்லும். நல்ல வேலைதான். நாப்பத்தோரு குறை எழுதி அனுப்பினேன். லேப்டாப்போட நேர்லயே வந்துட்டாரு. "மேடம், ஆவணி இருபத்தொண்ணு எனக்குக் கல்யாணம். அதுக்குள்ள முடிச்சுக் குடுத்துடுங்க"ன்னாரு.

அவசரப்பட்டா வேலை உருப்படாது சார். ஆண்டிமடத்துல எங்க முந்திரிக்கொட்டை குடோன் சும்மா கெடந்துச்சு, அங்க உக்கார வச்சேன். கரண்ட் உண்டு, ஃபேன் உண்டு, சிக்னல் கிடையாது. கவனம் சிதறக்கூடாதுன்னு வெளியில பூட்டினேன். தினமும் ரெண்டு பஸ் மாறிச் சோறு கொண்டு போனேன். பெத்தவங்ககூட இவ்வளவு செய்ய மாட்டாங்க.

அவரும் சொன்னதையெல்லாம் திருத்திப் பென்டிரைவ்ல குடுப்பாரு. வரிக் கடைசியில ஒரு இடைவெளி, லைசென்ஸ்ல விட்டுப்போன வருஷம், இப்படி. நான் புதுசா குறை எழுதிக் கதவிடுக்குல தள்ளுவேன். மேடம்னு கூப்பிட்டவரு அக்கான்னாரு, அப்புறம் தாயேன்னாரு. எனக்கு வயசு முப்பத்தெட்டுதான், இருந்தும் தப்பா எடுத்துக்கல.

கல்யாணப் பொண்ணு கவிதா எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னு அழுதுச்சு. "உங்களைப் பாக்கத்தான்க்கா பஸ் ஏறினாரு. எங்க இருக்காருன்னு தெரியுமா?"ன்னு கேட்டுச்சு. "ரிவ்யூல இருக்காரும்மா"ன்னேன். நான் பொய் சொல்றவ இல்ல.

ஆவணி இருபத்தொண்ணும் போயிடுச்சு. பந்தலைப் பிரிச்சுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன் சார். அன்னைக்கு ஒரு அப்பளம் கூடுதலா வச்சுக் கொண்டு போனேன்.

குடோன் சாவி இந்தாங்க. பேக்கேஜ் மூணாம் நாளே லினக்ஸ்ல ஏறிடுச்சு, நான்தான் சரின்னு போட்டேன். அவருகிட்ட மட்டும் சொல்லல. ஏழு வருஷமா எத்தனையோ பேருக்கு எழுதுறேன், ரெண்டாவது தடவைக்கு மேல ஒருத்தரும் பதில் போட்டதில்ல. இவரு இருபத்தாறு நாளும் விடாம எழுதினாரு சார், அதுவும் அவ்வளவு பணிவா. நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தலையே.