எடுக்காதே ஆறு

குறுஞ்செய்தியில் வந்த எண்ணைச் சேமித்து வைப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை, யூரிம். செய்தியின் தலையில் இருக்கும் எண்ணைத் தொட்டால் மனிதத் தலை போட்ட ஒரு சின்ன வட்டம் வரும். அதைத் தொட்டுப் பெயரை எழுதினால் முடிந்தது. உன் பெரியம்மா பொக்ஹிக்கு இதைப் பத்துத் தடவையாவது சொல்லிக் கொடுத்திருப்பேன். அவள் கற்றுக்கொள்ளவில்லை. நாள் முழுக்கக் கை மாவிலேயே இருக்கும், நூடுல்ஸ் பானையின் ஆவியில் மூக்குக் கண்ணாடி மங்கிக் கிடக்கும். "தொக்சுன், யாருன்னு பாரு, பேரைப் போட்டு வை" என்பாள். பதினேழு வருடமாக இந்தக் கடையிலும் மேலே மாடியறையிலும் அவளோடு இருக்கிறேன். என்னைவிட மூன்று வயது மூத்தவள், அதனால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் போனில் உள்ள பெயரெல்லாம் நான் வைத்த பெயர்கள்.

ஏன் செய்தீர்கள் என்று கேட்டாய். அக்கா எழுந்து போன பிறகும் நீ போகாமல் உட்கார்ந்து கேட்கிறாய். கேட்க வேண்டியதுதான். ஒளிக்காமல் சொல்கிறேன், நீ சாப்பிட்டுக்கொண்டே கேள்.

நான் கொஞ்சம் சந்தேகப் பிராணி. குன்சான் துறைமுகச் சந்தையில் கடை வைத்திருப்பவள் அப்படித்தான் இருக்க முடியும். பக்கத்துக் கருவாட்டுக் கடை ப்யோ அம்மா, 'அம்மா, என் போன் உடைஞ்சிடுச்சு, இது புது நம்பர்' என்று வந்த செய்தியை நம்பி, அந்த எண்ணை மகன் பெயரில் சேமித்து, கேட்ட ரகசிய எண்ணையெல்லாம் அனுப்பிவிட்டாள். மகன் அப்போது கடைக்குள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு தெரியாத எண் எது வந்தாலும் நான் திருடன் என்றுதான் முதலில் நினைப்பேன்.

தொல்லை கொடுப்பவர்களை இங்கே எல்லோரும் 'எடுக்காதே' என்றுதான் சேமிப்போம். எடுக்காதே ஒன்று, எடுக்காதே இரண்டு. மணி அடித்தால் பெயரைப் பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். அக்காவுக்காகப் பெயர்களைப் பெரிய எழுத்தில் தெரிய வைத்திருந்தேன். அப்போது அவள் போனில் ஐந்து எடுக்காதேக்கள் இருந்தன.

மார்ச்சில் உன் அம்மாவின் செய்தி வந்தது. 'அக்கா, நான் மியோங்சுக். இது என் புது நம்பர், சேவ் பண்ணிக்கோ. உடம்பு சரியில்ல. ஒரு தடவை பேசணும். முடிஞ்சா காங்நுங் வந்து என்கூடவே இருந்துடு.'

சந்தேகம் வந்தது. தங்கையின் பெயரை யார் வேண்டுமானாலும் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். அக்கா மாவைப் பிசைந்தபடி யாரு என்றாள். கடன் வேணுமான்னு கேக்கிறாங்க என்றேன். எடுக்காதே ஆறு என்று சேமித்தேன். அதுவரை நான் செய்தது எச்சரிக்கை மட்டும்தான்.

மறுநாள் ஒரு படம் வந்தது. அலைதடுப்புச் சுவரில் இரண்டு சிறுமிகள், பெரியவளின் தாடையில் ஒரு வெட்டுத் தழும்பு. அந்தத் தழும்பை நான் தினமும் பார்க்கிறேன். சந்தேகம் அத்தோடு போய்விட்டது. பெயரைத் திருத்தும் இடம் அங்கேயே இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் படத்தை அழித்தேன்.

காரணம் சொன்னால் அற்பமாகத் தெரியும். நவம்பரில் ஒரு நாள், பிறந்தநாளுக்கென்று வைக்கிற கடற்பாசி சூப்பை அக்கா வைப்பாள். அவள் பிறந்தது மே மாதம், நான் ஜனவரி. வைத்த சூப்பை ஒரு வாய் குடிக்காமல் ஆறவிட்டுக் கொட்டிவிடுவாள். பதினொரு வருடமாகப் பேசாத தங்கைக்கு அந்தச் சூப். கூடவே இருக்கிற எனக்கு வைக்க இரண்டு ஜனவரி மறந்திருக்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது. உன் அம்மா ஒரு வார்த்தை பேசிவிட்டால் அக்கா அன்றைக்கே பேருந்து ஏறியிருப்பாள் என்பது எனக்குத் தெரியும்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. "இந்த ஆறாம் நம்பருக்கு ரோஷமே கிடையாதாடி? இவ்வளவு விரட்டியும் வாசல்லயே நிக்கிறான்" என்று அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். எண்ணையே தடுத்து வைத்திருக்கலாமே என்று நீ நினைக்கலாம். தடுத்துவிட்டால் உன் அம்மா என்ன எழுதுகிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஏப்ரலில் எழுதினாள். 'டாக்டருங்க நாள் எண்ணுறாங்க அக்கா. வருவியா மாட்டியா, ஒரு வார்த்தை சொல்லு.' பதில் வராவிட்டால் உன்னை அனுப்பிவிடுவாளோ என்று பயந்தேன். அதனால் அக்கா எழுதுவதுபோல நானே எழுதினேன். 'சனிக்கிழமை வரேன். அதுவரைக்கும் போன் பண்ணாதே.' எழுதியதை அழித்தேன். போன் அடங்கிவிட்டது. அந்த மூன்று நாள்தான் நான் நன்றாகத் தூங்கினேன்.

அந்தச் சனிக்கிழமை உன் அம்மா தலை வாரிவிடச் சொன்னாள் என்று சற்று முன்பு சொன்னாய். அக்கா வரும்போது தூங்கிவிடக் கூடாது என்று வலி மருந்தை வேண்டாம் என்றாளாம். இருட்டும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். மறுநாளும் அப்படியேதான். மருந்தை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை, யூரிம். வரமாட்டேன் என்று நான் எழுதியிருந்தால் அந்த நாட்களில் அவளுக்கு எதிர்பார்க்க என்ன இருந்திருக்கும், அதையும் யோசித்துப் பார்.

திங்கட்கிழமை மதியம் ஒரே ஒரு தடவை அடித்தது. கடையில் கூட்டம். அக்கா பெயரைப் பார்த்துவிட்டு நூடுல்ஸ் வெட்டப் போய்விட்டாள். அன்று மாலையே முடிந்துவிட்டது என்று நீ சொல்லித்தான் தெரியும்.

இறப்புச் செய்தி அதே எண்ணிலிருந்து வந்தபோது போன் அக்காவின் கையில் இருந்தது. சாவுச் செய்தி என்று ஒரு வரி, கீழே தொட்டுப் பார்க்க ஓர் இணைப்பு. தொடாதீங்க அக்கா, சாவுச் செய்தின்னு அனுப்பித்தான் இப்ப போனையே திருடுறாங்க, போலீஸ்காரங்க நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க என்றேன். நோட்டீஸ் ஒட்டியிருப்பது உண்மைதான். "செத்தவங்கள வச்சுக்கூட ஏமாத்துறானுங்களா" என்று போனை என்னிடம் நீட்டினாள். நான் அழித்தேன்.

மீதியை நீயே பார்த்தாய். அம்மாவின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்து வந்திருக்கிறேன், அம்மா புது நம்பரிலிருந்து அத்தனை தடவை கூப்பிட்டும் ஏன் எடுக்கவில்லை என்றாய். எனக்கு எந்த நம்பரும் வரலையேம்மா என்று அக்கா அழுதாள். நீ எண்ணைச் சொல்லச் சொல்ல, மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு அவளே ஒவ்வொன்றாக அழுத்தினாள். உன் பையில் இருந்த உன் அம்மாவின் போன் அடித்தது. அக்காவின் திரையில் நான் வைத்த பெயர் வந்தது. அதை அவள் வாய்விட்டு மெதுவாகப் படித்தாள். என்னைப் பார்த்தாள். ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டு ரப்பர் செருப்போடே துறைமுகப் பக்கம் நடந்தாள்.

நீ அவளைக் கூட்டிப் போவதாகச் சொல்வாய். இளவயசு, வேலை இருக்கிறது. ஒரு மாதம் அழைப்பாய், பிறகு பண்டிகைக்குப் பண்டிகை ஒரு செய்தி. நான் மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். இருட்டினால் அக்கா இங்கேதான் வருவாள். வந்ததும் சாப்பாடு போடுவேன். ஒரு வார்த்தை கடிந்து சொல்லமாட்டேன். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாளே, அதைக்கூட நான் மன்னித்துவிட்டேன்.