மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால்

தூங்குகிறவர்களை எழுப்புவது எனக்குப் பிடிக்காத வேலை. பள்ளிக்கூட நாட்களில் என் தங்கையைக் கால்மணி நேரம் கூடுதலாகத் தூங்கவிட்டு, அவள் பையை நானே அடுக்கிவைப்பேன். அம்மா போனபோது அவளுக்கு எட்டு வயது, எனக்குப் பத்தொன்பது. அதன்பிறகு அவளுக்கு எல்லாமே நான்தான்.

அவள் இறந்ததற்கு வார்டு நர்ஸின் கவனக்குறைவுதான் காரணம் என்று நீங்கள் விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன் ஐயா. அவர்மேல் தவறு இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

புதன்கிழமை காலை அவள் மாடிப்படியில் விழுந்தாள். வேறு ஊரில் வேலை கிடைத்து, பெட்டியோடு இறங்கிக்கொண்டிருந்தாள். பின்மண்டையில் அடி. கொஞ்ச நேரம் நினைவில்லை. பிறகு எழுந்து உட்கார்ந்து, பெட்டியின் பூட்டு உடைந்துவிட்டதே என்று வருத்தப்பட்டாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். லேசான ரத்தக்கசிவு, ஒருநாள் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

நர்ஸ் மணிக்கொரு முறை வந்தார். கூப்பிடாமலே கண் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார். பெயர் என்ன, இது எந்த இடம், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பார். கைகளைத் தூக்கச் சொல்வார். கடைசியில் டார்ச் அடித்துக் கண்பாவைகளைப் பார்ப்பார். கண் திறப்பதற்கும் பதிலுக்கும் கை அசைவுக்கும் சேர்த்து மொத்தம் பதினைந்து மதிப்பெண்.

"குறைஞ்சா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம். தூக்கம் அதிகமானாலோ வாந்தி எடுத்தாலோ என்னைக் கூப்பிடுங்கம்மா," என்றார்.

எப்படி விழுந்தீர்கள் என்று அவர் கேட்டபோது தங்கை என்னை ஒருமுறை பார்த்தாள். "கால் வழுக்கிடுச்சு சிஸ்டர்." நான் சொல்லித்தரவில்லை, அவளாகச் சொன்னாள். காலை பதினொரு மணிக்கு நர்ஸ் பார்த்துவிட்டுப் போனதும், "என்னக்கா, கொஸ்டின் பேப்பர் மாறவே மாறாதா?" என்று சிரித்தாள்.

பன்னிரண்டுக்குமேல் கண் சொருகியது. அரைத்தூக்கத்தில், "ஏன்க்கா தள்ளின?" என்றாள். குரலில் கோபமே இல்லை.

பெட்டியைத்தான் பிடித்து இழுத்தேன் என்று அதுவரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் உறவினரை உள்ளே விடமாட்டார்கள். நான் பக்கத்தில் இல்லாத இடத்தில் இவள் இதையே சொன்னால்?

அதன்பிறகு ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் முன்னால் ஈரத்துணியால் அவள் முகத்தைத் துடைத்தேன். காது மடலைக் கிள்ளினேன். "கண்ணைத் திறடி. பேர் சொல்லு. எங்க இருக்க? ஆஸ்பத்திரி. என்ன கிழமை? புதன். எப்படி விழுந்த? கால் வழுக்கிடுச்சு. இன்னொரு தடவை சொல்லு." சின்ன வயதில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த மாதிரிதான். அவள் கெட்டிக்காரி. ஒரு மணிக்குப் பதினைந்து. இரண்டு மணிக்கும் பதினைந்து. "உங்க தங்கச்சி ஃபர்ஸ்ட் கிளாஸ்," என்றார் நர்ஸ். அவர் போன சற்று நேரத்தில் வாந்தி எடுத்தாள். துண்டில் ஏந்தி, சுருட்டி என் பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்குப் பெயரைக் கேட்டபோது, "கால் வழுக்கிடுச்சு," என்றாள்.

நர்ஸின் பேனா நின்றது. நான் சிரித்தேன். "ஒரே கேள்வியக் கேட்டுக் கேட்டு சலிச்சுப்போச்சு சிஸ்டர் அவளுக்கு. வேணும்னே வம்பு பண்றா. பேரைச் சொல்லுடி." தலையணைக்கும் காதுக்கும் நடுவில் என் விரல் இருந்தது. சொன்னாள். நர்ஸும் சிரித்துவிட்டு எழுதினார்.

நான்கு மணிக்கு எவ்வளவு கிள்ளியும் அவள் விழிக்கவில்லை. கண்பாவைக்குப் பாடம் சொல்லித்தர முடியாது. டார்ச் வெளிச்சத்தில் இடதுபக்கம் மட்டும் அகன்று அப்படியே நின்றது.

"எப்பலேர்ந்து இப்படி இருக்காங்க?" நர்ஸ் கேட்டார்.

"இப்பதான் சிஸ்டர்."

பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில், ஆம்புலன்ஸிலேயே மூச்சு நின்றது. மதியமே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார்கள். பிழைத்திருப்பாள்தான். தலைக்கட்டோடு சில வாரம் வீட்டில் இருந்துவிட்டு, வேறு பெட்டி வாங்கியிருப்பாள்.

அந்த நர்ஸை விட்டுவிடுங்கள் ஐயா. தள்ளியது நான், மறைத்ததும் நான். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: அன்று காலையிலிருந்து கடைசிவரை அவளை நான் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடவில்லை.